இடிபடும் திரையரங்குகளும் பறிபோகும் பொது இருக்கையும்

ஓர் ஊரின் நடுவில் எது நிற்கின்றது என்பதைக் கொண்டே அவ்வூரார் எதனைப் பெரிதென மதிக்கின்றனர் என்று அறிந்துகொள்ளலாம். தமிழ்நாட்டு ஊர்களின் நடுவே நெடுங்காலம் கோயில் நின்றது. அதனைச் சுற்றித் தேரோடும் தெருக்கள் அமைந்தன. பின்னர் அங்காடி பெருகிற்று. தொடர்வண்டி நிலையம் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கோயிலுக்கும் அங்காடிக்கும் தொடர்வண்டி நிலையத்துக்கும் இடையே புதிய கட்டடம் ஒன்று எழுந்தது. கோயிலைப் போலவே அதற்கும் உயர்ந்த முகப்பு இருந்தது. வாயிலில் கூட்டமும் இருந்தது. ஆனால் அவ்வாயிலில் நின்று, 'நீ எக்குலத்தான்?' என்று கேட்பார் எவரும் இலர். 'சீட்டு எங்கே?' என்ற ஒரு வினாவே அங்குக் கேட்கப்பட்டது. அக்கட்டடந்தான் திரையரங்கு.

இன்று அவ்வரங்குகள் ஒவ்வோர் ஊரிலும் ஒன்றன்பின் ஒன்றாய் மூடப்படுகின்றன, இடிக்கப்படுகின்றன. துணிக்கடைகளும் அடுக்குமாடி வீடுகளும் பேரங்காடிகளும் அவ்விடங்களில் எழுகின்றன. ஓர் அரங்கு இடிபடும்பொழுதெல்லாம் செய்தித்தாள்கள் பழைய நடிகரையும் பழைய பாடல்களையும் நினைவூட்டி நான்கு வரி எழுதுகின்றன. படிப்போரும் பெருமூச்சுவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுகின்றனர். ஏக்கம் வேறு; இழப்பின் கணக்கு வேறு. ஏக்கத்தால் ஒரு செங்கல்லும் நிலைத்து நின்றதில்லை. ஆகலின் இழந்தது யாது, இழக்கச் செய்தது யாது, எஞ்சியதைக் காக்கும் வழி யாது என்னும் மூன்று வினாக்களையும் தமிழர் நேர்நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கூடாரத்திலிருந்து மாளிகை வரை

திரைப்படத்தைத் தென்னாட்டு மக்களிடையே கொண்டு சென்றவர்களுள் முதல்வர் கோவையைச் சேர்ந்த சாமிக்கண்ணு வின்செண்டு. திருச்சிராப்பள்ளியில் தொடர்வண்டித் துறைப் பணியாளராக இருந்த அவர், 1905-ஆம் ஆண்டில், பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படம் வீழ்த்தும் பொறியை விலைக்கு வாங்கினார்; பணியை விடுத்தார்; கூடாரத்தைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகச் சென்று படங்காட்டினார். 1914-இல் கோவையில் 'வெரைட்டி ஆல்' என்னும் நிலையான அரங்கினைக் கட்டினார். அவ்வரங்கு பிற்காலத்தில் 'டிலைட்' என்று பெயர் மாறிற்று. அங்குப் படம் ஓடுவது நின்றுவிட்டது. அரங்கின் முதற்பெயரைத் தாங்கிய தெரு மட்டும் இன்றும் அப்பெயராலேயே வழங்குகின்றது.

சென்னை அண்ணா சாலையில் 1913-இல் வார்விக் மேசர் என்பவர் 'எலெக்ட்ரிக்' அரங்கினைத் திறந்தார். அடுத்த ஆண்டில் இரகுபதி வெங்கையா 'கெயிட்டி' அரங்கினைக் கட்டினார். 1931 அக்தோபர் 31-இல், தமிழும் தெலுங்கும் கலந்து பேசிய 'காளிதாசு' என்னும் முதற் பேசும்படம் சென்னைக் 'கினிமா சென்ட்ரல்' அரங்கில் திரையிடப்பட்டது. தமிழ் முதன்முதலாகத் திரையிலிருந்து ஒலித்த அவ்விடம் பின்னர் 'முருகன்' என்னும் பெயர் பூண்டது. உலகின் பிற மொழியார் தம் மொழி முதன்முதல் திரையில் ஒலித்த இடத்தைக் கல்வெட்டிட்டுக் காத்திருப்பர். தமிழரோ அவ்விடம் எத்தெருவில் இருந்தது என்பதையும் மறந்துவிட்டனர்.

மதுரையில் 1952-ஆம் ஆண்டுத் தீபாவளியன்று 'தங்கம்' அரங்கு 'பராசக்தி' படத்தோடு திறக்கப்பட்டது. ஈராயிரத்தைந்நூறுக்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்ட அவ்வரங்கு, ஆசியாவிலேயே பெரியதென மதுரை மக்களால் பெருமையோடு பேசப்பட்டது. இன்று அவ்விடத்தில் நிற்பது ஒரு துணிக்கடை. 1937-இல் வெளிவந்த 'சிந்தாமணி' படத்தின் ஊதியத்தைக் கொண்டு அப்படத்தின் பெயராலேயே மதுரையில் எழுப்பப்பட்ட அரங்கும் இன்றில்லை. சென்னையில், ஒரே வளாகத்தில் மூன்று திரைகளோடு 1964-இல் எழுந்த 'சபையர்' 1994-இல் மூடப்பட்டது. 1961-இல் திறக்கப்பட்டு நடிகர் சிவாசி கணேசன் பெயரோடு இணைத்துப் பேசப்பட்ட 'சாந்தி' 2016-இல் மூடப்பட்டது. வடசென்னை உழைப்பாளர்களின் அரங்காக 1967 முதல் விளங்கிய 'அகத்தியா' 2020-இல் மூடப்பட்டது. 1983-இல் தோன்றிய 'உதயம்' 2024-இல் தன் கதவுகளை அடைத்தது. இப்பட்டியல் இன்னும் நீளும். ஒவ்வோர் ஊராரும் தத்தம் ஊர்ப் பெயர்களை இதனோடு சேர்த்துக்கொள்ளலாம்.

இழந்தது யாது?

1939 சூலை 8-ஆம் நாள் வரை மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் கால்வைக்க இயலவில்லை. அந்நாளில் வைத்தியநாத ஐயர் தலைமையில் அவர்கள் உள்ளே சென்றதன் பின்னரே அதற்கெனச் சட்டமும் இயற்றப்பட்டது. அதற்கு முன்பே அதே மதுரை நகரில் பேசும்பட அரங்குகள் இயங்கின. ஆயிரமாண்டுக் கோபுரம் திறவாத கதவை ஓர் அணாக் காசு திறந்தது! பேராசிரியர் கா. சிவத்தம்பி அவர்கள், தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதற் கலைக்கூடம் திரையரங்கே என்றும், அங்கே இருக்கையை வரையறுத்தது பிறப்பன்று, கொடுத்த காசே என்றும் எடுத்துக்காட்டியுள்ளார். தமிழக வரலாற்றில் இஃது ஒரு சிறு நிகழ்ச்சியன்று.

காசும் ஒரு பிரிவினைதானே என வினவலாம். ஆம், பிரிவினைதான். தரையில் அமர்ந்தவனும் விசிப்பலகையில் அமர்ந்தவனும் மாடத்து மெத்தையில் அமர்ந்தவனும் ஒருநிலையர் அல்லர். சில சிற்றூர்களில் சாதித் திமிர் கொட்டகைக்குள்ளும் நுழைந்ததுண்டு. ஆயினும் பிறப்புப் பிரிவினைக்கும் காசுப் பிரிவினைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. இன்று தரைச்சீட்டு வாங்கியவன் நாளை கூலி கூடினால் நாற்காலிச் சீட்டு வாங்கலாம். பிறப்பை எவ்வளவு கூலி கொடுத்தும் மாற்ற இயலாது. மேலும், அரங்கில் விளக்கணைந்த பின்னர் மூவரும் கேட்டது ஒரே உரை. கண்டது ஒரே காட்சி. சிரித்ததும் அழுததும் ஒரே நேரத்தில்.

மற்றொன்று மொழி. 1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது தமிழ் வழங்கும் பகுதிகளில் 100 பேரில் ஏறத்தாழ 20 பேரே எழுத்தறிந்தவர்கள். எஞ்சியோர்க்கு ஏடு இல்லை, பள்ளி இல்லை, மேடைத்தமிழைக் கேட்க வேண்டின் கூட்டம் நடக்கும் நாளுக்குக் காத்திருத்தல் வேண்டும். அத்தகைய மக்களுக்கு நாள்தோறும் செந்தமிழ் நடையைக் காதில் ஊற்றியது அரங்கின் ஒலிபெருக்கிதான். அண்ணாவின் 'வேலைக்காரி' 1949-இலும் கலைஞரின் 'பராசக்தி' 1952-இலும் வந்தன. 'பராசக்தி'யின் வழக்குமன்றக் காட்சியை எழுத்தறியாத உழைப்பாளியும் ஓரெழுத்தும் பிறழாது ஒப்புவித்தான். அவ்வுரையாடல்களில் வடசொற் கலப்பு இருந்தது, மிகைநடையும் இருந்தது. எனினும் ஓர் எளிய மகன், 'இதுவும் என் மொழிதான். இவ்வாறும் என் மொழியில் பேசலாம்' என்று தலைநிமிர்ந்தது அவ்விருட்டறையில்தான். படமுடிவில் 'சுபம்' என்று தோன்றிய எழுத்து பின்னர்ப் பல படங்களில் 'வணக்கம்' என மாறியதைக் கண்டு, வடமொழியினும் தமிழ் தாழ்ந்ததன்று என அவன் உணர்ந்தான். தனித்தமிழ்க் கூட்டங்களுக்கு வந்தவர்களுள் எத்தனையோ பேர்க்கு மொழியுணர்வின் முதற்பொறி அங்கிருந்தே பறந்திருக்கும்.

திரைப்படத்தால் தமிழ் கெட்டது என்பதும், நடிகரைக் கடவுளாக்கிப் பால் ஊற்றிய மடமை அங்கேயே வளர்ந்தது என்பதும், கள்ளச்சீட்டும் அடிதடியும் மலிந்திருந்தன என்பதும் இயக்கத்தார் நெடுநாளாகக் கூறிவரும் குற்றச்சாட்டுகள். அவை பொய்யல்ல. ஆனால் அவை படத்தின்மீதும் படம் எடுப்போர் மீதும் பார்ப்போர் மீதும் உள்ள குற்றங்கள். கூரையின்மீது உள்ள குற்றங்கள் அல்ல. அம்மடமைகள் அரங்கு இடிபட்டதால் ஒழிந்துவிடவும் இல்லை. கைப்பேசித் திரைக்குள் புகுந்து முன்னினும் பன்மடங்கு பெருகியே உள்ளன. அழிந்தது அரங்கு மட்டுமே. அதாவது, முன்பின் அறியாத ஆயிரவர் தோளுரச அமர்ந்து ஒரே தமிழைக் கேட்ட பொது இருக்கை மட்டுமே.

இழக்கச் செய்தது யாது?

'மக்கள் வருவதில்லை, ஆகவே மூடுகின்றனர்' என்பது எளிய விடை. அது பாதி உண்மையே. தொலைக்காட்சி வந்தது, நிகழ்படப் பேழை வந்தது, இணையம் வந்தது, 2020-ஆம் ஆண்டின் நோய்த்தொற்றுக் காலத்தில் அரங்குகள் பல திங்கள் அடைபட்டுக் கிடந்தன. இவை யாவும் உண்மை. ஆயினும் இவற்றைத் தாங்கி நின்றிருக்கக்கூடிய அரங்குகளையும் வீழ்த்திய காரணங்கள் வேறு இரண்டு உள்ளன.

முதலாவது, படம் வெளியிடும் முறையில் நேர்ந்த மாற்றம். படச்சுருள்கள் விலைமிக்கனவாக இருந்த காலத்தில் ஒரு படத்திற்குச் சிலவே படிகள் எடுக்கப்பட்டன. அவை முதலிற் பெருநகரங்களில் ஓடும். பின்னர் நடுத்தர ஊர்களுக்குச் செல்லும். அதன்பின்னர் கீற்றுக் கொட்டகைகளை அடையும். ஒரு நகரத்தில் ஓர் அரங்கே ஒரு புதுப்படத்தைக் காட்டியதால், நகரம் முழுவதும் அவ்வோர் அரங்கிற்கு வந்தது. ஆகவேதான் ஆயிரம் இருக்கைகள் தேவைப்பட்டன. ஆகவேதான் நூறு நாளும் இருபத்தைந்து கிழமையும் படங்கள் ஓடின. சுருள் மறைந்து மின்னணு முறை வந்ததும், ஒரே நாளில் நூற்றுக்கணக்கான திரைகளில் படம் வெளியாகத் தொடங்கிற்று. நூறு நாளில் வந்த கூட்டம் மூன்று நாளில் வந்து முடிந்துவிடுகின்றது. நான்காம் நாள் ஆயிரம் இருக்கை அரங்கில் ஐம்பது பேர் அமர்ந்திருக்கின்றனர். மின்கட்டணமோ ஆயிரவர்க்கும் ஒன்றுதான், ஐம்பதின்மர்க்கும் ஒன்றுதான். சிறுசிறு அறைகளாகப் பகுத்துக்கொண்ட பல்திரை அரங்குகளே இம்முறைக்கு ஈடுகொடுக்க இயலும். மின்னணுக் கருவிக்குக் கட்டும் கட்டணச் சுமையை யார் ஏற்பது என்னும் பூசலால் 2018-இல் ஒரு திங்களுக்கும் மேலாகத் தமிழ்ப் புதுப்படங்களே வெளிவராமற் போனதையும் இங்கு எண்ணுதல் தகும்.

இரண்டாவது, நிலத்தின் விலை. இவ்வரங்குகள் எழுந்த காலத்தில் பேருந்து நிலையத்தின் பக்கத்திலும் அங்காடியின் ஓரத்திலும் நிலம் மலிவாகக் கிடைத்தது. இன்றோ அந்நிலத்தின் விலையை வங்கியில் இட்டு வரும் வட்டி, ஆண்டு முழுவதும் படம் ஓட்டி வரும் ஊதியத்தைப் பன்மடங்கு விஞ்சுகின்றது. அரங்கின் உரிமையாளர் ஒருவர் இறந்து பங்காளிகள் பலரானால், நிலத்தை விற்றுப் பங்கிடுவதே அவர்களுக்கு எளிதாகின்றது. அவர்களைக் குறை கூறிப் பயனில்லை. பொதுநலத்தைத் தனியாள் தோளில் ஏற்றிவிட்டு, 'ஏன் இறக்கினாய்?' என்று கேட்க ஊருக்கு உரிமை இல்லை.

இவற்றோடு வரியும் சேர்ந்தது. 2017 சூலையில் சரக்கு, பணி வரி நடைமுறைக்கு வந்தபொழுது, 100 உருபா வரையுள்ள சீட்டுக்கு 18 விழுக்காடும் அதற்கு மேற்பட்ட சீட்டுக்கு 28 விழுக்காடும் விதிக்கப்பட்டன. அதன்மேல் உள்ளாட்சிக் கேளிக்கை வரியும் ஏறியதால் தமிழ்நாட்டு அரங்குகள் சில நாள் மூடப்பட்டன. பிற்காலத்தில் அவ்வரி அளவுகள் குறைக்கப்பட்டன என்பது உண்மையே. ஆயினும் தில்லியில் அமர்ந்து வரி விதிப்போர்க்குச் சிற்றூர்த் தரைச்சீட்டும் பெருநகர மெத்தைச்சீட்டும் வேறுபடும் பாங்கு புலப்படுவதில்லை.

பெயரும் உரிமையும்

இழப்பை எண்ணும்பொழுது ஒன்றை மறைத்தலாகாது. இடிந்த அரங்குகளின் பெயர்கள் பெரும்பாலும் தமிழ்ப்பெயர்கள் அல்ல. கிரௌன், குளோபு, வெலிங்டன் என்று வெள்ளையர் பெயர்கள் ஒருபுறம். வடமொழிப் பெயர்கள் மறுபுறம். 'தங்கம்' போன்ற பெயர்கள் சிலவே. ஆதலின் அப்பெயர்ப் பலகைகளுக்காகக் கண்ணீர் சிந்த வேண்டுவதில்லை. பலகை பிறருடையதாக இருந்தது. இருக்கை தமிழருடையதாக இருந்தது. இன்று எழும் பேரங்காடி அரங்குகளிலோ பலகையும் ஆங்கிலம், சீட்டும் ஆங்கிலம், வாயிலில் வரவேற்கும் பேச்சும் ஆங்கிலம், தின்பண்டத்தின் விலையோ நாட்கூலிக்காரனை வாயிலிலேயே திருப்பி அனுப்புகின்றது. அங்கே எவரும் குலம் கேட்பதில்லை என்பது மெய்யே. கேட்க வேண்டிய தேவையே இல்லாதவாறு, தரைச்சீட்டை ஒழித்துவிட்டனர். தரைச்சீட்டுக்காரன் இல்லாத அரங்கு பொது அரங்கு ஆகாது. பெயரையும் இழந்து இருக்கையையும் இழந்த இந்நிலையே, இவ்விதழ் படிப்போர் சிந்திக்க வேண்டிய நிலை.

'வணிகத்தின் போக்கை எவர் தடுக்க இயலும்?' என்று கைவிரிப்போர் ஒரு செய்தியை நினைவுகூர்தல் நன்று. 2006-இல் தமிழ்நாட்டரசு, தமிழ்ப்பெயர் தாங்கிய படங்களுக்குக் கேளிக்கை வரி இல்லை என அறிவித்தது. ஆண்டாண்டாக இயக்கத்தார் தொண்டை வறளக் கூறியும் அசையாத படமுதலாளிகள் சில நாள்களிலேயே அசைந்தனர். 'சம்திங் சம்திங்' என்னும் ஒட்டினை உதறிவிட்டு, 'உனக்கும் எனக்கும்' என்று ஒரு படம் தமிழ்ப்பெயரோடு வெளிவந்தது. அறவுரை அசைக்காததை வரிச்சலுகை அசைத்தது. தமிழுணர்வால் அசையவில்லையே என வருந்தலாம். எனினும் அரசு எண்ணினால் வணிகத்தின் போக்கைத் திருப்ப இயலும் என்பதற்கு அதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

காக்கும் வழி

காத்தல் இயலும் என்பதற்குச் சென்னை அண்ணா சாலையே சான்று கூறுகின்றது. 1913-இல் எழுந்த 'எலெக்ட்ரிக்' அரங்கினை 1915-இல் அஞ்சல் துறை வாங்கிற்று. அதன்பின் வந்த அரங்குகள் பல மண்ணோடு மண்ணாகிய பின்னரும், அம்மூத்த கட்டடம் அஞ்சலக வளாகத்தினுள் இன்றும் நிற்கின்றது. அஃது அரசின் உடைமை ஆயிற்று, ஆகவே பிழைத்தது. ஆனால் கட்டடம் பிழைத்ததே ஒழிய அரங்கு பிழைக்கவில்லை என்பதையும் கருதுதல் வேண்டும்.

அரங்காகவே காத்தோரும் உளர். அண்டை நாடான கேரளத்தில் 1975-இல் அரசே ஒரு திரைப்பட வளர்ச்சிக் கழகத்தை நிறுவிற்று. அக்கழகம் திருவனந்தபுரத்துக் 'கைரளி' முதலான அரங்குகளைத் தானே நடத்துகின்றது. தம் மொழிப் படங்களுக்கு அங்கே இடம் உறுதியாகின்றது. பாரிசு நகரில் 1932-இல் திறக்கப்பட்ட 'கிராண்டு இரெக்சு' மதுரைத் 'தங்க'த்தை ஒத்த பேரரங்கு. அதனை 1981-இல் பிரெஞ்சு அரசு காப்புப் பட்டியலிற் சேர்த்தது. இன்றும் அங்கே படம் ஓடுகின்றது. அந்நாட்டில் தொலைக்காட்சி இல்லையா? இணையம் இல்லையா? நிலத்தின் விலைதான் ஏறவில்லையா? எல்லாம் இருந்தும் அவர்கள் காத்தனர்; தமிழர் கைவிட்டனர்.

ஆகவே தமிழ்நாட்டில் செய்யத்தக்கவை இவை. மாநகராட்சியும் நகராட்சியும் தத்தம் எல்லைக்குள் எஞ்சியுள்ள பழைய அரங்குகளுள் ஒன்றையேனும் விலைக்கோ நெடுங்காலக் குத்தகைக்கோ ஏற்று ஊர்ப்பொது அரங்காக்குதல் வேண்டும். காலையிற் பள்ளிப் பிள்ளைகளுக்கான நாடகமும் பகலில் தமிழ்ப் பொழிவும் புத்தகக் காட்சியும் மாலையில் எளிய விலையில் தமிழ்ப்படமும் அங்கே நிகழலாம். ஆயிரம் இருக்கையையும் ஒரு படத்தால் மட்டுமே நிரப்ப வேண்டும் என்னும் சுமை அப்பொழுது நீங்கும். தனியார் நடத்தும் பழைய அரங்குகளுக்குச் சொத்துவரியையும் மின்கட்டணத்தையும் குறைத்து, அதற்கு ஈடாகக் குறைந்த விலைச்சீட்டுகளுக்கும் தமிழ்ப்பலகைக்கும் உறுதி வாங்குதல் வேண்டும். கட்டட மரபைக் காப்பதற்கென 2012-இல் தமிழ்நாட்டிற் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. கோயில்களும் வெள்ளையர் மாளிகைகளும் மட்டுமே மரபல்ல. எளிய மக்கள் வியர்வைக் காசு கொடுத்து அமர்ந்த அரங்கும் மரபே என அச்சட்டத்தின் வழியே நிலைநாட்டல் வேண்டும்.

அரசு செய்யட்டும் என்று வாளாவிருத்தலும் தகாது. ஒவ்வோர் ஊரிலும் உள்ள இயக்கத் தோழர்கள் தத்தம் ஊர் அரங்குகளின் பெயர், கட்டிய ஆண்டு, இருந்த தெரு, மூடிய நாள் ஆகியவற்றை எழுதிவைத்தல் வேண்டும். பொறியறையில் உழைத்தவர், சீட்டுக் கிழித்தவர், சுவரொட்டி எழுதியவர் எனப் பலர் இன்னும் உயிரோடுள்ளனர். அவர்தம் வாய்மொழியைத் திரட்டல் வேண்டும். நிற்கும் அரங்கை விற்க முனைவதாகச் செய்தி வரும்பொழுது, நகராட்சி உறுப்பினரை அணுகி, 'ஊரே வாங்கட்டும்' என்று கேட்டல் வேண்டும். கட்டடம் வீழ்ந்த பின்னர் எழுதும் இரங்கற்பாவினும் வீழுமுன் எழுதும் ஒரு விண்ணப்பம் பயனுடையது.

கோயிற் கதவு திறவாத காலத்தில் தமிழனுக்குக் கதவு திறந்த கூரை அது. ஏடறியாத தமிழனுக்குத் தமிழை ஓதிய கூரை அது. அக்கூரையின்கீழ்க் காட்டப்பட்டவற்றுள் நல்லன சில, தீயன பல. ஆயினும் அங்கு அமர்ந்திருந்தோர் அனைவரும் தமிழர். அவர்கள் ஒன்றாக அமர்ந்திருந்தனர். ஒன்றாக அமர ஓரிடமும் இல்லாத மக்கள் ஒன்றாக எழுந்து நிற்பதும் அரிதாகிவிடும்.

எஞ்சிய அரங்குகளைக் காக்க இன்றே முனைக! ஊர்ப்பொது இருக்கையை ஊரே மீட்க!